தோட்டத்து லயத்திலிருந்து இளையோர் நாவலாசிரியர் ஆவது எப்படி?

கேள்வி கேட்டவர் கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவர், வயது 17, தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறார். பதின்பருவத்தினருக்கான நாவல் எழுதுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள முடியுமா, இந்த வயதில் யாராவது புத்தகம் போடுவார்களா, எங்கள் ஊர்த் தமிழில் மலையாளம் கலந்திருப்பது குறையாகுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முடியும், தம்பி. ஆனால் இந்தத் துறைக்கென்று ஒரு கணக்கு உண்டு, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்கு எழுதுகிறவருக்கு முப்பது வயதில் கிடைத்த வாசகர் அறுபது வயது வரை கூட வரலாம். இளையோர் நாவலை 13 வயதில் கையில் எடுத்தவர் 18 வயதில் வேறு புத்தகங்களுக்குப் போய்விடுவார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை உங்கள் வாசகர் கூட்டம் முழுவதும் மாறிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது. மதிப்புரை படித்து அவர்கள் புத்தகம் தேடுவதில்லை, வாங்கக் கையில் காசும் இருக்காது. ஒரு டீச்சரோ நூலகரோ பக்கத்து வீட்டு அக்காவோ எடுத்துக் கொடுத்தால்தான் புத்தகம் அவர்களிடம் போகும். ஆகவே இந்தத் துறையில் நிலைப்பது என்றால், எழுதிய புத்தகம் பள்ளிக்கூட அலமாரியில் இருபது வருடம் இருப்பது. எழுதுவது, ஒப்பந்தம் போடுவது, யாரைப் போய்ப் பார்ப்பது என்று எல்லா முடிவையும் இதை மனதில் வைத்து எடுங்கள்.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் எஸ். ஈ. ஹின்டன். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1948-ல் பிறந்தவர். தன் பள்ளியில் வசதியான பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் கோஷ்டி சேர்ந்து அடித்துக்கொள்வதைப் பார்த்து 15 வயதில் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதத் தொடங்கினார். அது 1967-ல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரைக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பகம்தான் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கச் சொன்னது. புத்தகம் வந்த உடனே கடைகளில் பறக்கவில்லை. ஆசிரியர்கள் வகுப்பறையில் படிக்கக் கொடுத்தார்கள், அங்கிருந்துதான் அது வளர்ந்தது. 1980-ல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி நூலகர் தன் மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி, இதைப் படமாக எடுங்கள் என்று இயக்குநர் பிரான்சிஸ் போர்டு கொப்போலாவுக்குக் கடிதம் அனுப்பினார். 1983-ல் படம் வந்தது. 2024-ல் அதே கதை பிராட்வே மேடையில் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் புத்தகத்தைக் கைமாற்றி வந்தவர்கள் ஆசிரியர்களும் நூலகர்களும்தான்.

அவரிடம் பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. முதல் புத்தகம் பெயர் வாங்கித் தந்த பிறகு அவரால் எழுதவே முடியாமல் போனது. எல்லாரும் அடுத்ததை எதிர்பார்க்கிறார்கள் என்ற பாரம். பின்னாளில் கணவரான நண்பர், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே போகலாம் என்று கறாராக நின்றதால் இரண்டாவது நாவல் உருவாகி 1971-ல் வந்தது. பிறகு 1975, 1979, 1988. ஆக 21 வருடத்தில் ஐந்தே இளையோர் நாவல்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, வாழ்நாள் பங்களிப்புக்காக மார்கரெட் எட்வர்ட்ஸ் விருதை 1988-ல் முதன்முதலாகக் கொடுத்தபோது வாங்கியவரும் அவரே. வருடத்துக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினால்தான் எழுத்தாளர் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். பதிப்பகங்கள் வயதைப் பார்த்து மறுப்பதில்லை. சட்டத்தில் மட்டும் ஒரு தடை உண்டு: இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் போடும் கையெழுத்து செல்லாது. பெற்றோர் அல்லது காப்பாளர் உங்களுக்காகக் கையெழுத்திட வேண்டும். நீங்கள் நாவலை முடிப்பதற்குள் 18 ஆகிவிடும் என்பதால் இது உங்களுக்குப் பெரிய சிக்கல் அல்ல.

இனி எழுத்துக்கு வருவோம். இளையோர் நாவல் என்பது சின்னப் பிள்ளைகள் கதையின் நீளமான வடிவம் அல்ல. நாயகருக்கு 14 முதல் 17 வயது. கதையின் நடுவில், அவரே எடுத்தாக வேண்டிய ஒரு முடிவு. அந்த முடிவுக்கு விலை இருக்க வேண்டும், முடிவை எடுப்பதற்கான முழு அதிகாரம் அவர் கையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால் கதை நகர ஆரம்பிக்கும். தோட்டத்தில் இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. அம்மா ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்தால் வீடு தங்கும். பிளஸ் டூ முடித்த பெண் மதுரைக்கோ தேனிக்கோ கல்லூரிக்குப் போவாளா, கொழுந்துக் கூடையை எடுப்பாளா? இந்த ஒரு கேள்வியில் 160 பக்கம் இருக்கிறது.

பெரிய நிகழ்ச்சிகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று நாடே பேசியது. பெரியவர்களுக்கு எழுதுகிறவர் அந்தச் சாலையை எழுதுவார். இளையோருக்கு எழுதுகிறவர் வீட்டுக்குள் போக வேண்டும். அம்மா மறியலில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து, தம்பிக்குச் சோறு கட்டி, ஒன்பதரை மணிப் பள்ளிக்குப் பத்தே காலுக்குப் போய் நிற்கிறாள். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் அம்மா மறியலில் இருப்பது டீச்சருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அன்றைக்கு வருகை இல்லை. அப்பா சங்கத்தோடு நிற்கிற ஆள் என்று வைத்துக்கொண்டால் அவள் வாய் திறப்பது இன்னும் கடினம். சாலையில் நடப்பது அவள் காதில் வந்து விழும் செய்தியாக மட்டும் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடி லயங்கள் மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. அவர்களோடு படித்த பிள்ளைகள் இன்றும் அதே பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அதைத் தொடுவதென்றால் உண்மைக் குடும்பம் எதையும் பெயர் மாற்றி அப்படியே எடுத்து வைக்காதீர்கள். ஊர் சின்னது, யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கற்பனையாக ஒரு தோட்டம், ஒரு லயம், வேறு வருடம் வையுங்கள். இழப்பைச் சந்தித்த யாராவது தாமாகச் சொன்னதைப் பயன்படுத்தினால், எழுதிய பக்கங்களை அவர்களிடமே படித்துக் காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். பேரழிவைக் கடைசி அத்தியாயத்தின் திருப்பமாக வைப்பதும் சரியாக வராது. அதற்குப் பிறகு வாழ்கிற நாட்கள்தான் பதினைந்து வயது வாசகருக்குத் தேவை.

அளவைப் பொறுத்தவரை, தமிழில் 30,000 முதல் 40,000 சொல் நல்ல அளவு. நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவுப் பக்கத்தில் சுமார் 220 சொல் பிடிக்கும். 35,000 சொல் என்றால் 160 பக்கம், அச்சகக் கணக்கில் 16 பக்கம் கொண்ட பத்து பாரம். ஆங்கில இளையோர் நாவல்கள் 60,000 சொல் போவதைப் பார்த்து மிரள வேண்டாம். 'போகாமலிருந்திருந்தால்' என்று நாம் ஒரே சொல்லில் முடிப்பதற்கு அங்கே நாலைந்து சொல் ஆகும்.

எழுத உட்காரும் முன் இரண்டு காகிதம் தயார் செய்யுங்கள். முதல் காகிதத்தில் ஒரே வாக்கியம்: யார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது, எப்போதைக்குள் முடிவெடுக்க வேண்டும். காலக்கெடு இல்லாத கதை பாதியில் படுத்துக்கொள்ளும். இரண்டாவதில் 25 முதல் 30 காட்சிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்திலேயே அந்தக் காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கும் என்ற குறிப்பு. எதுவும் மாறவில்லையென்றால் அந்தக் காட்சி வேண்டாம். ஒரு அத்தியாயம் 1,200 முதல் 1,600 சொல் இருக்கட்டும். பஸ்ஸில் மூணாறிலிருந்து மறையூர் போவதற்குள் இரண்டு மூன்று அத்தியாயம் படித்துவிடலாம். மார்ச் பரீட்சை முடிந்த பிறகு ஏப்ரலில் தொடங்கி நாளுக்கு 400 சொல் எழுதினால் 90 நாளில் 36,000 சொல். எழுதியதைத் திருத்திக்கொண்டே போகாதீர்கள். அப்படிச் செய்கிறவர்களிடம் மெருகேறிய மூன்று அத்தியாயம் இருக்கும், நாவல் இருக்காது.

முதல் பிரதிகளில் வழக்கமாக எங்கே கெடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். முதல் அத்தியாயம் முழுக்க ஊர் வர்ணனை. மூடுபனியும் மலையும் சுற்றுலா வருகிறவருக்குத்தான் புதிது. அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு மூடுபனி என்றால் காயாத யூனிபார்ம். அந்த ஈர யூனிபார்மிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது, சிக்கலைப் பெரியவர் ஒருவர் வந்து தீர்ப்பது. நல்ல வாத்தியார் கலெக்டருக்கு மனு எழுதி எல்லாம் சரியாகிவிட்டால் நாயகர் தன் கதையிலேயே பார்வையாளர் ஆகிவிடுவார். வாத்தியார் உதவலாம், முடிவு பிள்ளையுடையது. மூன்றாவது, அப்பாவை வெறும் குடிகாரராகவோ கொடுமைக்காரராகவோ மட்டும் எழுதுவது. பதினாறு வயதில் அப்பாமேல் கோபம் இருக்கும், அதே நேரம் அவர் கால் வீங்கியிருப்பதும் கண்ணில் படும். இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். கடைசியாக அறிவுரை. கடைசிப் பக்கத்தில் படிப்பின் பெருமையைச் சொன்னால், அதுவரை உங்களை நம்பிப் படித்த பிள்ளை ஏமாந்துபோகும். தமிழில் இந்த வயதினருக்கு எழுதும் பலரிடம் இந்தப் பழக்கம் வேரோடிப் போயிருக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு தமிழ்ப் புத்தகத்தை விட்டு விலகுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மொழிக் கலப்புக்கு வருகிறேன். அது குறை இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூன்று நாலு தலைமுறைக்கு முன் மலையேறிய தமிழ் உங்களுடையது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கொங்குத் தமிழ் மலையாளத்தோடு பழகியிருக்கிறது, ஆந்திராவின் குப்பம் பக்கம் போனால் தமிழ் தெலுங்கோடு. எல்லாமே நாவலுக்கு உரியவைதான். ஆனால் ஒழுங்கு வேண்டும். கதை சொல்லும் பகுதி எல்லாத் தமிழருக்கும் புரியும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், கூடவே உங்கள் ஊர்ப் பொருட்பெயர்களோடு: லயம், கொழுந்து, வேலை வாங்கும் கங்காணி, காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக்களம். பேச்சில் அவரவர் மொழி. மலையாளம் பேசுகிறவர் மலையாளமே பேசட்டும், தமிழ் எழுத்தில். அதற்கு அடைப்புக்குறியும் அடிக்குறிப்பும் போட வேண்டாம். எதிராளியின் பதிலிலேயே பொருள் தெரிந்துவிடும்படி அமைத்தால் போதும். கண்டக்டர் "எவிடெயா எறங்ஙேண்டே?" என்று கேட்க, "பெரியவாரை பாலத்துல நிப்பாட்டுங்க சேட்டா" என்று அவள் சொன்னால் சென்னைப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். இப்படி இரண்டு வரிக்கு மேல் தொடர்ந்தால் வாசிப்பு தடுக்கும், அங்கே நிறுத்துங்கள். முதலில் மலையாள எழுத்துப் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தவர்களுக்கு ந, ன மாறிப் போவது வழக்கம், ஏனென்றால் மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வல்லினம் மிகும் இடங்களும் தவறும். இவற்றைத் தனியாக ஒரு முறை தமிழாசிரியரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. எல்லைப் பகுதித் தமிழை அக்கறையோடு பார்க்கிறவர்கள் இத்தகைய இடங்களில் கிடைப்பார்கள்.

முதல் வரைவு முடிந்ததும் மூன்று வாரம் பூட்டி வையுங்கள். பிறகு முழுவதையும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடமெல்லாம் வாக்கியம் நீளம். அதற்குப் பிறகு 13 முதல் 16 வயதுக்குள் ஐந்து பேரிடம் அச்செடுத்துக் கொடுங்கள். உறவுக்காரப் பிள்ளை ஒருவருக்கு மேல் வேண்டாம். தமிழ் வாசிப்பில் சுமாரான ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் ஐவரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். படிக்கும்போது எந்த இடத்தில் கீழே வைத்தாயோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடு, நம்ப முடியாத இடத்தில் ஒரு புள்ளி வை, இவ்வளவு போதும் என்று சொல்லிக் கொடுங்கள். மூன்று பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால் கோளாறு அந்தப் பக்கத்தில் இருக்காது, அதற்கு முந்தைய அத்தியாயத்தில் இருக்கும்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்தால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ', 'க்ஷ' உடையும். பக்கம் வடிவமைப்பவர் யூனிகோடிலிருந்து தன் எழுத்துருவுக்கு மாற்றினாலும் இதே ஆபத்து உண்டு என்பதால் அச்சுக்கு முன் திருத்தத் தரும் கடைசி மெய்ப்பை நீங்களே எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். கூடவே ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம், முடிவையும் சேர்த்து. எந்த வயதுக்கு, எத்தனை சொல், நீங்கள் எந்த ஊர் என்று மூன்று வரி. இளையோர் நூல்கள் போடும் பதிப்பகமா என்று அவர்களுடைய பட்டியலைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தமிழ்ப் பதிப்புலகம் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியை நோக்கித்தான் ஓடுகிறது. நவம்பர், டிசம்பரில் அனுப்பினால் யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஜூலைக்குள் அனுப்புவது நல்லது. பதில் வர மாதங்கள் ஆகலாம்.

ஒப்பந்தத்தைக் கவனமாகப் படியுங்கள். புத்தகம் இருபது வருடம் அலமாரியில் இருக்க வேண்டுமானால் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். உரிமை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை உரிமை விட்டுப் போகும். எழுதுகிறவரின் ஆயுள் முழுவதும், பிறகு 60 வருடமும் பதிப்புரிமை உண்டு. ஆகவே "அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அச்சு உரிமை தனி, மின்னூல் தனி, ஒலிநூல் தனி, மொழிபெயர்ப்பு தனி, திரைப்படம் தனி. முதல் புத்தகத்துக்கு அச்சு உரிமையை மட்டும், தமிழில் மட்டும், மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுத்தால் போதும்.

பணம் எவ்வளவு வரும்? விற்கும் பிரதிக்கு எழுத்தாளருக்குத் தரும் பங்குதான் ராயல்டி. 200 ரூபாய் விலை, 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 20 ரூபாய். 500 பிரதி விற்றால் 10,000 ரூபாய். ராயல்டியை அட்டை விலையில் கணக்கிடுகிறார்களா, கடைக் கழிவு போக வரும் தொகையிலா என்று கேளுங்கள். 40 சதவீதம் கழிவு போனால் 120 ரூபாயில் 10 சதவீதம், பிரதிக்கு 12 ரூபாய்தான். கணக்கு வருடத்துக்கு ஒருமுறை எழுத்தில் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடமே பணம் கேட்கும் இடம் பதிப்பகம் அல்ல, அச்சிட்டுத் தரும் சேவை. அப்படிச் செய்வதில் தவறில்லை, ஆனால் 300 பிரதி வீட்டில் அடுக்கி வைத்தபின் அதை யார் விற்பது என்று முன்பே யோசிக்க வேண்டும். தாமே வெளியிடுகிறவருக்கும், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்குக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல் வெளியிடலாம். அதன் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் இணையத்தில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இந்த வருமானத்தில் வீடு நடக்காது. அதை மறைத்து உங்களை எழுத அழைப்பது நியாயமில்லை. ஒரு வேலை தேவை, எழுதும் மூளையைக் காலையிலேயே தீர்த்துவிடாத வேலை. ஆசிரியர் வேலை இளையோர் எழுத்தாளருக்குப் பொருத்தம் என்பார்கள். ஹின்டன் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தும், வகுப்பு முடிந்தால் எழுதத் தெம்பில்லை என்று விட்டுவிட்டார். சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது. நூலகம், மொழிபெயர்ப்பு, பாடநூல் திருத்தம் ஆகியவற்றையும் யோசியுங்கள். தமிழும் மலையாளமும் ஒரே சரளத்தில் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பில் வேலை உண்டு, அது நாவல் எழுதும் கையையும் பழக்கும்.

புத்தகம் வந்தபின் செய்ய வேண்டியதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். வெளியீட்டு விழாவுக்கு இருநூறு பெரியவர்களை அழைத்து மாலை போட்டுக்கொள்வார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டார்கள். கேரளத்தில் ஜூன் 19, நூலக இயக்க முன்னோடி பி. என். பணிக்கரின் நினைவு நாள், வாயனாதினம், அதாவது வாசிப்பு நாள். அதையொட்டிய வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் எழுத்தாளரைத் தேடும். தமிழ்வழிப் பள்ளிகளுக்கு, பேச ஒரு தமிழ் எழுத்தாளர் கிடைப்பது அரிது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டாரங்களில் இத்தகைய பள்ளிகளைப் பட்டியல் எடுத்து, மே மாதமே தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். பள்ளியின் வித்யாரங்கம் கலை இலக்கிய மன்றத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியரையும் கேளுங்கள். போனால் உங்களைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு அத்தியாயத்தைச் சுவாரசியமான இடத்தில் நிறுத்திப் படியுங்கள், நாற்பது நிமிடத்தில் முடியுங்கள், நூலகத்துக்கு இரண்டு பிரதி விட்டுவிட்டு வாருங்கள். ஒன்று போதாது. ஒன்று போனால் திரும்பாது. வகுப்பில் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். பிள்ளைகளின் போன் எண்ணை வாங்குவதும் தனியாகச் செய்தி அனுப்புவதும் கூடாது. அவர்கள் எழுதும் கடிதத்துக்கு ஆசிரியர் வழியாகப் பதில் போடுங்கள்.

நூலகங்கள் இரண்டு பக்கமும் உண்டு. கேரளத்தில் மாவட்ட நூலகக் கவுன்சில்கள் புத்தக விழா நடத்துகின்றன. இணைந்த கிராம நூலகங்கள் தங்கள் மானியத்தில் அங்கே புத்தகம் வாங்கும். தமிழ்ப் பகுதி நூலகங்களின் செயலாளர்களிடம் உங்கள் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலக இயக்ககத்தின் கொள்முதலுக்குப் பதிப்பகம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தார்களா என்று கேட்பது உங்கள் வேலை. விருதுகளில் சாகித்திய அகாதெமியின் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பால சாகித்திய புரஸ்கார் 2010-லிருந்தும், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான யுவ புரஸ்கார் 2011-லிருந்தும் வழங்கப்படுகின்றன. இரண்டுக்கும் தலா 50,000 ரூபாய். மொழிதான் கணக்கு, மாநிலம் அல்ல. மூணாறில் இருந்து எழுதினாலும் தமிழ்ப் பிரிவில் சேரும்.

உங்களுக்கு இருக்கும் இன்னொரு கதவு மலையாளம். இளையோர் வாசிப்புக்கு அங்கே நிலைத்த அமைப்புகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் 1981-லிருந்து அரசின் பாலசாகித்திய இன்ஸ்டிடியூட் இயங்குகிறது, சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழ் 'யுரீக்கா' 1970-லிருந்து வருகிறது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையின் கதையை, அவளோடு ஒரே வகுப்பில் உட்காரும் மலையாளப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. மொழிபெயர்ப்பு உரிமையை உங்களிடமே வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் காரணம். மொழிபெயர்ப்பாளருக்கும் தன் மொழிபெயர்ப்பில் பதிப்புரிமை உண்டு என்பதால் ராயல்டியை எப்படிப் பிரிப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்களால் சரளமாக முடிந்தாலும் உங்கள் நாவலை நீங்களே மொழிபெயர்ப்பதைவிட, மலையாளத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் கொடுத்து, பேச்சு வரிகளை மட்டும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது புத்தகத்தை முதல் புத்தகம் அச்சுக்குப் போன வாரமே தொடங்கிவிடுங்கள், பாராட்டும் குறையும் வந்து சேருவதற்கு முன். அதே நாயகரைத் தொடர வேண்டாம். அவருக்கு வயதாகிவிடும், புதிதாக வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் புத்தகம் கையில் கிடைத்திருக்காது. தனியாகப் படித்தாலும் முழுதாக நிற்கிற வேறொரு கதையாக, முடிந்தால் அதே மலையில், வேறொரு லயத்தில் வையுங்கள். இப்போதைக்கு பரீட்சைக்குப் படியுங்கள், தம்பி. இடையில் கிடைக்கும் நேரத்தில் அந்த முதல் காகிதத்தின் ஒற்றை வாக்கியத்தை எழுதி அடித்து எழுதிக்கொண்டிருங்கள். ஏப்ரலில் உட்காரும்போது அது தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.